ஆறு பேர் திரும்பவில்லை

வளாகங்களின் கதை – 17

1905ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். நியூயார்க் மாநிலத்தில், இதக்கா நகரத்துக் குன்றின்மேல் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகம் புதிய கல்வியாண்டைத் தொடங்கியது. முந்தைய ஆண்டு அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் திரும்பி வரவில்லை. படிப்பை முடித்துப் பட்டத்தோடு போனவர்கள் அல்லர், பாதியில் நின்றுபோனவர்கள். ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் நடமாடிய வளாகத்தில் இந்த ஆறு என்ற எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது. மிச்சமிருந்த ஒருசில கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் அது உறுத்தியது. அடுத்த ஆண்டு தங்களில் எத்தனை பேர் இருப்போம் என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

கார்னெல் அவர்களுக்குக் கதவைச் சாத்திய பல்கலைக்கழகம் இல்லை. எந்த மனிதரும் எந்தப் பாடத்தையும் படிக்கலாம் என்று சொல்லித்தான் எஸ்ரா கார்னெல் 1865இல் அதை நிறுவினார். நிறத்தைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் சேர்க்கை அலுவலகத்தைத் தாண்டியதும் அந்தத் தாராளம் முடிந்துவிட்டது. எங்கே தங்குவது, யாரோடு சாப்பிடுவது, கணக்கில் ஓர் இடம் புரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? இவற்றுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கவில்லை. வெள்ளை மாணவர்களுக்கும் அது பொறுப்பேற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்களுக்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் ஃபிரெட்டர்னிட்டி.

ஹாலிவுட் படங்களின் தயவில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பீர் பீப்பாயும் நள்ளிரவுக் கூத்தும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சகோதர சங்கங்களின் மூலக்கதை அமெரிக்கா பிறந்த வருடத்திலேயே தொடங்குகிறது. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியா மாநிலம் வில்லியம்ஸ்பர்க்கில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் ஜான் ஹீத் என்பவரின் தலைமையில் ஒன்றுகூடி ஒரு ரகசியச் சங்கத்தை அமைத்தார்கள். ஃபை பீட்டா கப்பா என்று கிரேக்க எழுத்துகளில் பெயர், சேரும்போது உறுதிமொழி, உறுப்பினர் மட்டுமே அறிந்த கைகுலுக்கல், அணிந்துகொள்ள ஒரு பதக்கம். இத்தனை ரகசியம் எதற்கு? விவாதிப்பதற்கு. பேராசிரியர்கள் ஒப்பிக்கச் சொன்னதை ஒப்பிப்பதுதான் அன்றைய கல்லூரிப் படிப்பு. அரசியலையும் சமூகத்தையும் பற்றித் தம் விருப்பம்போல் பேச மாணவர்களுக்கு மூடிய அறை ஒன்று தேவைப்பட்டது.

அந்தச் சங்கம் பிறகு ஹார்வர்டுக்கும் யேலுக்கும் பரவியது. 1820களின் இறுதியில் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாருக்கு எதிராக அமெரிக்காவில் பெரும் அலை எழுந்து, ரகசியச் சங்கம் என்றாலே மக்கள் முகம் சுளித்தார்கள். 1831இல் ஹார்வர்டு கிளை தன் ரகசியங்களைக் கைவிட்டது. இன்று ஃபை பீட்டா கப்பா சிறந்த மாணவர்களுக்குக் கிடைக்கும் ஒரு கௌரவம், அவ்வளவுதான். அதில் யாரும் சேர்ந்து வாழ்வதில்லை.

சேர்ந்து வாழும் சங்கத்தின் வேர் வேறு ஊரில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா ஆல்ஃபா சங்கம் தொடங்கியது. 1827இல் அதைப் பார்த்து சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்று இன்னும் இரண்டு. எலிஃபலெட் நாட் என்ற பாதிரியார் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ரகசியச் சங்கங்களைத் தடை செய்ய அவரும் முயன்றார், பலிக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கை சை சங்கத்தார் 1840களில் காட்டுக்குள் ஒரு மரக்கட்டைக் குடில் கட்டிக்கொண்டார்கள். பேராசிரியர்களின் பார்வைக்குத் தப்பிக் கூடுவதற்காக எழுந்த அந்தக் குடிலைத்தான் அமெரிக்காவின் முதல் ஃபிரெட்டர்னிட்டி வீடு என்கிறார்கள். இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் இடம் என்று நிர்வாகம் சொன்னது. ஒரு மாணவருக்காக வழக்கு இந்தியானா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1882இல் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. பர்டூவின் தலைவர் எமர்சன் வைட் மறு ஆண்டே பதவி விலகினார்.

ஆக, அரை நூற்றாண்டுக் காலம் கல்லூரிகள் துரத்தின, சங்கங்கள் ஓடி ஒளிந்தன. பிறகு எப்படி இவை வளாகத்தின் நடுவே தூண் வைத்த மாளிகைகளாக உட்கார்ந்தன?

விடை மிகச் சாதாரணமானது: படுக்கை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கல்லூரிகளின் எண்ணிக்கையும் மாணவர் தொகையும் பெருகின. எல்லோருக்கும் விடுதி கட்ட நிர்வாகங்களிடம் பணம் இல்லை, சிலருக்கு மனமும் இல்லை. கார்னெலின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட் இந்த இரண்டாம் வகை. பெரிய விடுதிகளில் மாணவர்களை அடைத்து வைத்தால் ஒழுங்கீனம்தான் மிஞ்சும் என்று நினைத்தவர். தம் மாணவப் பருவத்தில் சங்க உறுப்பினராக இருந்தவரும்கூட. பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, அதைத் தாமே நிர்வகித்தால் பொறுப்பு தானாக வரும் என்று அவர் ஃபிரெட்டர்னிட்டிகளை வெளிப்படையாகவே ஆதரித்தார். பழைய மாணவர்கள் பணம் போட்டார்கள், வீடுகள் எழுந்தன. பல்கலைக்கழகத்துக்குச் செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்தது.

முதலாமாண்டு மாணவன் ஒருவனுக்கு அந்த வீடு என்ன கொடுத்தது என்று பார்த்தால், அதன் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பது விளங்கும். ஆண்டின் தொடக்கத்தில் ‘ரஷ்’ என்ற ஆள்பிடிப்பு வாரம். புதியவர்கள் வீடு வீடாகப் போவார்கள். மூத்தவர்கள் விருந்து வைத்து எடைபோடுவார்கள். பிடித்துப்போனால் ‘பிட்’ என்ற அழைப்பு வரும். ஏற்றுக்கொண்டால் அவன் ‘பிளெட்ஜ்’, அதாவது தகுதிகாண் காலத்தில் இருப்பவன். சில வாரங்களோ மாதங்களோ கழித்து மூடிய கதவுக்குப் பின்னால் சடங்கு நடக்கும். அதற்குப் பிறகு அவன் ஆயுளுக்கும் சகோதரன்.

உடனடிப் பலன் கூரையும் சாப்பாட்டு மேசையும். மூன்று வேளையும் ஒரே மேசையில் நான்கு வருடத்து மாணவர்களும் உட்கார்ந்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை. வகுப்பறையில் முதலாமாண்டு மாணவனுக்கு நான்காமாண்டு மாணவன் முகமே தெரியாது. இங்கே ரொட்டியை நீட்டும்போதே எந்தப் பேராசிரியர் எதைக் கேட்பார், எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் கைமாறும். பல வீடுகளில் பழைய வினாத்தாள்களும் குறிப்பேடுகளும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு புதியவனுக்கும் ஒரு மூத்தவன் ‘பெரிய அண்ணன்’ என்று நியமிக்கப்படுவான். வீட்டுக் கணக்கை எழுதுவது, சமையல்காரரை அமர்த்துவது, கூட்டத்தை நடத்துவது என்று பத்தொன்பது இருபது வயதில் நிர்வாகப் பயிற்சியும் கிடைக்கும். பட்டம் வாங்கி நியூயார்க்குக்கோ சிகாகோவுக்கோ போய் இறங்கினால், அதே பதக்கத்தைச் சட்டையில் குத்திய வங்கிக்காரரும் வழக்கறிஞரும் அங்கே இருப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத, ஆனால் பட்டத்தைவிட அதிகம் பயன்பட்ட படிப்பு இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தனையும் வெள்ளையருக்கு. அதிலும் பெரும்பாலான சங்கங்களில் புராட்டஸ்டன்ட் வெள்ளையருக்கு. சில சங்கங்கள் அதை விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தன. மற்றவை எழுதாமலே கடைப்பிடித்தன.

கார்னெலின் கறுப்பின மாணவர்களும் அந்த வீடுகளுக்குள் போனார்கள். பின்வாசல் வழியாக, வேலைக்கு. படிப்புச் செலவைச் சமாளிக்க அவர்களில் சிலர் ஃபிரெட்டர்னிட்டி வீடுகளில் உணவு பரிமாறினார்கள். குளிர்காலத்தில் நிலவறை உலைக்கு நிலக்கரி போட்டார்கள். பிங்காம்டன் நகரத்துப் பள்ளியில் படித்து வந்த ஹென்றி ஆர்தர் காலிஸ் அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர். ஒரு கல்லூரிச் சங்கம் தன் ஆட்களுக்கு என்னென்ன செய்து கொடுக்கிறது என்பதை, தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவரைவிட நெருக்கமாக யார் பார்த்திருக்க முடியும்?

தங்குவதற்கு அவர்கள் குன்றைவிட்டு இறங்கி ஊருக்குள் வந்தார்கள். இதக்காவில் ஒரு சிறிய கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. தெற்கிலிருந்து தப்பிய அடிமைகளுக்கு ஒரு காலத்தில் அடைக்கலம் தந்த செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் மாணவர்களுக்கு அறை கொடுத்தன, கூடிப் பேசத் தம் வரவேற்பறைகளையும் கொடுத்தன. நார்த் ஆல்பனி தெருவில் நியூட்டன் தம்பதியின் வீடு, ஈஸ்ட் ஸ்டேட் தெருவில் சிங்கிள்டன் குடும்பத்தின் வீடு ஆகிய இரண்டும் இந்த வரலாற்றில் நிலைத்துவிட்டன.

1905-06இல் அங்கே கூடியது ஒரு படிப்பு வட்டம். சி. சி. பாய்ண்டெக்ஸ்டர் என்ற முதுநிலை மாணவர் அதைக் கூட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள், விவாதித்தார்கள், பாடங்களில் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். மீண்டும் ஆறு பேரை இழக்கக் கூடாது என்பது உள்ளே இருந்த நோக்கம். வட்டம் பயன்பட்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது: இதையே ஒரு ஃபிரெட்டர்னிட்டியாக ஆக்கினால் என்ன?

பாய்ண்டெக்ஸ்டர் உடன்படவில்லை. இலக்கிய வட்டமே போதும் என்பது அவர் பக்கம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் போகவில்லை. தம்மை ஒதுக்கிய அமைப்பின் கிரேக்க எழுத்தையும் சடங்கையும் ரகசியத்தையும் தாமே எடுத்துப் பூசிக்கொள்வது எதற்கு? காலிஸும் ஜார்ஜ் பிடில் கெல்லியும் மறுபக்கம் நின்றார்கள். ஒரு படிப்பு வட்டம் அதைக் கூட்டியவர் ஊரைவிட்டுப் போனதும் கலைந்துவிடும். சங்கத்துக்கு விதி உண்டு, கிளை உண்டு, வாரிசு உண்டு. அடுத்தடுத்து வரப்போகும் மாணவர்களைக் கணக்கில் வைத்துப் பேசியவர்கள் இவர்கள்தான். வாதம் 1906 முழுக்க இழுத்தது. அக்டோபரில் முதல் சேர்ப்புச் சடங்கு ஊரில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. டிசம்பர் 4 அன்று, பாய்ண்டெக்ஸ்டர் இல்லாத கூட்டத்தில், ஃபிரெட்டர்னிட்டி என்பது உறுதியாயிற்று. பெயர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. நிறம் கறுப்பும் பழம்பொன்னும். கெல்லி முதல் தலைவர்.

நிறுவனர்கள் ஏழு பேரையும் சங்கத்தார் இன்றும் ‘ஏழு மணிகள்’ என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இந்தத் தொடருக்கு முக்கியம். கெல்லி, நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர் ஆனார். மாநிலத்தின் பெரிய கால்வாய்த் திட்டத்தில் வேலை செய்தார். கெண்டக்கியில் ஒரு கட்டடக்காரரின் மகனாகப் பிறந்த வெர்ட்னர் டாண்டி, நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். கூந்தல் தைலம் விற்றுச் செல்வந்தரான மேடம் சி. ஜே. வாக்கருக்கு ஹட்சன் நதிக்கரையில் வில்லா லெவாரோ என்ற மாளிகையை வடிவமைத்தவர் அவர். யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினத்தவருக்கு வேலையும் வீடும் தேடித் தந்த தேசிய அர்பன் லீக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ராபர்ட் ஓகிள் வாஷிங்டனில் செனட் குழு ஒன்றில் பணியாற்றினார். நத்தானியல் மரே பள்ளி ஆசிரியர், சார்ல்ஸ் சாப்மன் ஃபுளோரிடாவில் வேளாண்மைப் பேராசிரியர். காலிஸ் மருத்துவரானார், ஏழு பேரில் கடைசியாக, 1974இல் காலமானார்.

ஓராண்டு முடிந்த கையோடு, 1907 டிசம்பரில், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலும் ரிச்மண்டின் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்திலும் கிளைகள் தொடங்கின. ஹோவர்ட் கறுப்பின மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். அங்கே தங்க இடமில்லை, பேச ஆளில்லை என்ற இதக்கா பிரச்சினை இல்லை. இருந்தும் சங்கம் வேர்விட்டது. இதைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டதற்கு மாற்றாகப் பிறந்த ஒன்று, ஒதுக்கல் இல்லாத இடத்திலும் தேவைப்பட்டது. ஹோவர்ட் பெண்களும் காத்திருக்கவில்லை. எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியில் 1908 ஜனவரி 15 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. அதிலிருந்து பிரிந்த 22 மாணவிகள் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவை அமைத்தார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் அவர்களும் நடந்தார்கள். இப்படி வளர்ந்து இன்று ஒன்பது சங்கங்கள் இருக்கின்றன; ‘தெய்வீக ஒன்பது’ என்பது அவற்றின் செல்லப்பெயர்.

வெள்ளையர் சங்கங்களுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே உறுப்பினர் என்பது நடைமுறையில் கல்லூரிக் காலத்து விஷயம். பிறகு நன்கொடையும் நினைவுகளும்தான். இங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஊர்தோறும் பட்டதாரிக் கிளைகள் இருக்கின்றன. ஐம்பது வயது மருத்துவரும் எழுபது வயது ஆசிரியரும் மாதக் கூட்டத்துக்கு வருகிறார்கள். பதினெட்டு வயதில் சேரும் ஒருவருக்கு இதனால் கிடைப்பது கல்லூரித் தோழர்கள் மட்டுமல்ல, தம் பெற்றோர் வயதில் ஓர் ஊர்முழுக்கத் தெரிந்தவர்கள்.

அந்தப் பட்டதாரிக் கிளைகள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்புங்கள் என்று 1920களில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா நாடு தழுவிய இயக்கம் நடத்தியது. வாக்காளர் பதிவு 1930களில் அதன் முக்கிய வேலையாயிற்று. பிறகு நீதிமன்றம். மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, டொனால்டு மரே என்ற கறுப்பினப் பட்டதாரியை நிறத்தின் பெயரால் மறுத்தபோது, வழக்குக்கான முதல் அடியை எடுத்து வைத்தது இந்தச் சங்கம்தான். நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் சார்ல்ஸ் ஹூஸ்டனும் அவருடைய இளம் சீடர் தர்குட் மார்ஷலும். 1936 ஜனவரியில் மேரிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரேயைச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. மார்ஷல் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தவர். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

இன்னொரு வழக்கு ரயிலில் பிறந்தது. 1942இல் சதர்ன் ரயில்வேயில் பயணம் செய்த எல்மர் ஹென்டர்சன் என்ற அரசு ஊழியருக்கு உணவுப் பெட்டியில் இடம் கொடுக்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று சமையலறைக்குப் பக்கத்தில், திரை போட்டு, இரண்டு மேசைகள் ஒதுக்குவார்கள். அன்று அதிலும் வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு ஆண்டுகள் நடந்த வழக்கை ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா தாங்கிப் பிடித்தது. உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவரான பெல்ஃபோர்டு லாசன் அப்போது சங்கத்தின் தேசியத் தலைவர். 1950 ஜூன் 5 அன்று தீர்ப்பு வந்தது. திரை இறங்கியது.

பெண்களின் பக்கத்தில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் மிசிசிப்பி சுகாதாரத் திட்டம். டாக்டர் டொரத்தி ஃபெரபீயின் தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உறுப்பினர்கள் 1935 முதல் 1942 வரை கோடை விடுமுறைகளில் தம் சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு மிசிசிப்பியின் பருத்திக் காடுகளுக்குப் போனார்கள். பங்குக்குப் பயிரிடும் உழவர்களை மருத்துவமனைக்கு அனுப்பத் தோட்ட முதலாளிகள் மறுத்தார்கள். அதனால் மருத்துவமனையையே காரில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் 1952 ஜூனில், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தார். மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஆகஸ்டில், பஃபலோ நகரில் நடந்த சங்கத்தின் பொன்விழா மாநாட்டில் பேசினார். அவர் கொல்லப்பட்ட பிறகு வாஷிங்டனில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற யோசனையை 1984இல் எழுப்பியதும் இதே சகோதரர்கள்தான். 1996இல் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. 2011 அக்டோபரில் நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. 27 ஆண்டுகள் ஒரு வேலையை விடாமல் சுமக்க, தனிமனிதர்களால் ஆகாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல், பத்தொன்பது வயதில், கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அங்கே அவர் சேர்ந்தது கறுப்பின மாணவர்களின் ஒரு படிப்பு வட்டத்தில். ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்டு ஹாரிஸ் என்ற பொருளாதார மாணவரைச் சந்தித்ததும் அந்த நட்பு வட்டத்தில்தான். அவர்களுடைய மூத்த மகள் கமலா ஹோவர்டில் படித்து, 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். அந்த உறவு எவ்வளவு கனமானது என்பது 2020 ஆகஸ்டில் தெரிந்தது. துணை அதிபர் வேட்பாளராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் பிரசார நிதிக்கு ஒரு விசித்திரமான தொகை ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது: 19 டாலர் 8 சென்ட். சங்கம் பிறந்த ஆண்டு 1908 என்பது தெரிந்தவர்களுக்குக் காரணம் புரிந்தது.

கார்னெலில் கறுப்பின மாணவர்கள் போட்ட வழியில் மற்றவர்களும் வந்தார்கள். 1916இல் அதே இதக்காவில் சீன மாணவர்கள் ரோ சை என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். யூத மாணவர்களின் ஜீட்டா பீட்டா டாவ் 1898லேயே பிறந்துவிட்டது. தெற்காசியப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதம்: நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் 1994இல் ஆண்களின் சங்கம் ஒன்று, டெக்சாஸின் ஆஸ்டினில் 1998இல் பெண்களுடையது. ஒதுக்கியவர்கள் கதவைத் திறக்க எவ்வளவு காலம் எடுத்தது? 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தேசியத் தலைமை அந்தக் கிளையையே நீக்கியது. கறுப்பினத்தவர் மட்டுமே என்ற நிபந்தனையை ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தது.

இதுவரை படித்தவர்கள் இந்தச் சங்கங்களைப் புண்ணியத் தலங்களாக நினைத்துவிடக் கூடாது. கறுப்பின நடுத்தர வர்க்கம் விருந்துக்கும் ஆடம்பரத்துக்கும் பணத்தை வாரி இறைப்பதாக 1957இல் வெளிவந்த தம் நூலில் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் கடுமையாகத் தாக்கினார். சங்கங்களையும் அவர் விடவில்லை. அதைவிடப் பெரிய களங்கம் ஒன்று உண்டு. நம் ஊரில் ராகிங் என்பதை அங்கே ஹேஸிங் என்கிறார்கள்.

அதன் தொடக்ககாலப் பலியும் கார்னெலில்தான். 1873 அக்டோபரில் மார்டிமர் லெகட் என்ற முதலாமாண்டு மாணவர் கப்பா ஆல்ஃபா சங்கத்தின் சேர்ப்புச் சடங்குக்காக இரவில் அழைத்துச் செல்லப்பட்டார். இதக்காவைச் சுற்றி எங்கும் செங்குத்தான பள்ளத்தாக்குகள். இருட்டில் ஒன்றின் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய தந்தை உள்நாட்டுப் போரில் தளபதி, அப்போது நாட்டின் காப்புரிமை ஆணையர். செய்தி பத்திரிகைகளில் பரவியும் எந்தச் சங்கமும் மூடப்படவில்லை. ஒதுக்கலுக்கு எதிராகப் பிறந்த சங்கங்களும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. லிங்கன் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களைச் சீண்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் பிற்கால நீதிபதி மார்ஷலும் ஒருவர். 1989இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு கறுப்பினச் சங்கங்கள் ‘பிளெட்ஜ்’ காலத்தையே ஒழித்தன. விண்ணப்பம், நேர்காணல், குறுகிய பயிற்சி என்று முறையை மாற்றின. ஏட்டில் ஒழிந்தது மறைவில் தொடர்ந்தது. எல்லா நிறத்துச் சங்கங்களிலும் அதன் பிறகும் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அளவில்லாமல் மது குடிக்கவைத்து.

மறைவு என்பது இந்த அமைப்பின் பிறப்பிலேயே இருக்கிறது. 1776இல் சுதந்திரமாக விவாதிப்பதற்குப் பயன்பட்ட அதே மூடிய கதவுதான் பின்னாளில் அடிப்பதற்கும் பயன்பட்டது. சங்கம் கொடுக்கும் எதற்கும் அந்தக் கதவு தேவையில்லை என்பது இந்தத் தொடர் எழுதுபவரின் கருத்து. கூரை, மேசை, மூத்தவர்களின் துணை, ஆயுட்கால உறவு எல்லாமே வெளிச்சத்தில் கிடைக்கக் கூடியவை. நியூட்டன் வீட்டு வரவேற்பறையில் கூடிய படிப்பு வட்டத்தில் யாரும் யாரையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

2024 டிசம்பரில் அமெரிக்கா தழுவிய ஹேஸிங் தடுப்புச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. ஹேஸிங் நிகழ்வுகளைக் கல்லூரிகள் தம் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் கணக்குக் காட்ட வேண்டும். விதியை மீறிய சங்கங்களின் பெயரையும் அவை செய்ததையும் தனி அறிக்கையாகப் பொதுவில் வெளியிட வேண்டும். இங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் முதல் வாரத்திலேயே சங்கங்களின் அழைப்புகள் வரும். விருந்துக்குப் போகுமுன் அந்த அறிக்கையை ஒரு முறை படித்துவிடுங்கள்.

(தொடரும்)